கல்வெட்டின் கடைசிப் பக்கம்

பால்மாத் தட்டுப்பாடு தீர்ந்து, பக்கற்றுகள் மறுபடியும் கடைகளில் சுவர்போல அடுக்கப்பட்ட பிறகு, ஏறத்தாழ ஒரு வருடம், மூன்றாம் மாடி அன்ரி ஒவ்வொரு நாள் காலையும் எங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள பலசரக்குக் கடைக்குப் போய் ஒரே கேள்வியைக் கேட்டு வந்தார்.

“பால்மா இருக்கோ?”

“ஓம் அன்ரி, இருக்கு. எத்தினை வேணும்?”

“இருக்கட்டும்.”

அவ்வளவுதான். குடையை விரித்து, காலி வீதி என்கிற பெருந்தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கக் கடையில் அதே பால்மாவைப் பத்து ரூபா கூடக் கொடுத்து வாங்குவார். வரும்போது அதைப் பைக்குள் வைக்கமாட்டார். கையில் பிடித்தபடி முதல் கடையைத் தாண்டி, மெதுவாக, வெள்ளவத்தையில் வேறு வேலையே இல்லாதவர்போல நடந்து வருவார்.

நடந்தது இதுதான். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒருநாள் அந்தக் கடைக்காரர், இருபது வருட வாடிக்கையாளரான அன்ரியிடம் பால்மா இல்லையென்று சொல்லிவிட்டு, அவர் கண்முன்னாலேயே இன்னொருவருக்குப் பேப்பரில் சுற்றி ஒன்றை நீட்டியிருக்கிறார். அன்ரி குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பொருள் வரும்வரை காத்திருந்தார். பொருள் வந்ததும் தொடங்கினார். ஆறேழு மாதம் போனபின் கடைக்காரர் தாங்கமாட்டாமல் இரண்டு பக்கற்றைச் சும்மா எடுத்து நீட்டினாராம். “ஏன், விலைப்படேல்லையோ?” என்று கேட்டுவிட்டு அன்ரி வீதியைக் கடந்திருக்கிறார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் பொருளியல் இரண்டாம் வருடம். கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும், விலை ஏற வாங்குகிற ஆசை எப்படி இறங்கும் என்று காட்டுகிற கேள்வி வளையி கீறிக்கொண்டு திரிந்த காலம். ஒரே பொருள், ஒரே தரம், கிட்டடிக் கடை, குறைந்த விலை. இப்படியிருக்க நுகர்வோர் ஏன் தூரக் கடைக்குப் போகிறார்? இது என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. லிஃப்டில் அவரைப் பிடித்துக் கேட்டேவிட்டேன்.

“நான் பால்மாவே வாங்கிறன், பிள்ளை?” என்றார் அவர். “அவன்ர முகத்தைப் பாக்கப் போறன். அதுக்குப் பத்து ரூபா மலிவு.”

எங்கள் தொடர்மாடியில் நாங்கள் இரண்டாம் மாடி. எங்களுக்கு நேர் மேலே அன்ரியும் அவருடைய தங்கையும். இருவரும் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்கள், இருவரும் கலியாணம் செய்யவில்லை. அன்ரி, கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் முப்பது வருடம் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். மெலிந்த, உயர்ந்த உருவம். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார், நேரம் தனக்கு மட்டும்தான் தெரியவேண்டும் என்பதுபோல. பத்திரிகையானாலும் சஞ்சிகையானாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார்; மரண அறிவித்தல்கள் அங்கேதான் இருக்கும். வெங்காயப் பையோ பழைய பேப்பரோ, எதைக் கட்டினாலும் வழக்குக் கட்டுகளுக்குப் போடுகிற அதே இரட்டை முடிச்சைத்தான் போடுவார். அதை யாராலும் அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும்.

அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதுக்கடைக் கதைகளை அவர் சொல்லமாட்டார், தங்கைதான் சொல்லுவார். ஒருமுறை அந்தச் சட்டத்தரணி, வழக்குக் கட்டில் ஒரு தாள் குறைகிறதென்று, கட்சிக்காரர்கள் முன்னால் அன்ரியைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். தாள் அவருடைய மேசை லாச்சிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அன்ரியும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த நாளிலிருந்து, எந்தக் கட்டைக் கொடுத்தாலும், கட்சிக்காரர்கள் இருக்கும்போதுதான் கொடுப்பார். கொடுக்குமுன் ஒவ்வொரு தாளையும் புரட்டி, “ஒண்டு… ரெண்டு… மூண்டு…” என்று உரக்க எண்ணுவார். தொண்ணூறு பக்கமென்றால் தொண்ணூறும். “நிப்பாட்டும்” என்று சொல்ல அவருக்கு வழியில்லை, வேலையைக் கவனமாகச் செய்கிற கிளாக்கை எப்படி ஏசுவது? இது பதினொரு வருடம் நடந்ததாம். அந்தச் சட்டத்தரணியின் பிரியாவிடை நாளில் அன்ரி வாழ்த்து அட்டையை நீட்டி, “ஒண்டே ஒண்டுதான், சேர்” என்றாராம். இதைச் சொல்லும்போது தங்கை சிரித்துச் சிரித்து இருமுவார். அன்ரி அடுப்படியில் நின்றபடி, “கூட்டிச் சொல்லாதை, பத்து வருசம்தான்” என்பார்.

அந்தத் தங்கையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அவரில்தான் முடிந்தது. உருண்டையான, வாய்க்காரியான மனிதர். நெஞ்சு வருத்தம் இருந்ததால் கீழே இறங்கமாட்டார். காலையில் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ தன் இசையைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும்போது, மூன்றாம் மாடி பல்கனியிலிருந்து ஒரு பனையோலைக் கூடை கயிற்றில் இறங்கும். எங்கள் பல்கனியைத் தாண்டிப் போகும்போது காசு தெரியும், திரும்பி ஏறும்போது மீன் வைத்த மாலுபாண் மணக்கும். சிலநாள் கூடை எங்கள் பல்கனிக்கு முன்னால் நின்றுவிடும். “புரொபெசர், ஒண்டை எடும், ஆறமுதல் எடும்” என்று மேலிருந்து சத்தம் வரும். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த வருடம் எங்களுக்குக் குற்றம் பற்றியும் ஒரு பாடம் இருந்தது. களவெடுப்பவனும் ஒரு நுகர்வோன்தான். கிடைக்கப்போகும் லாபத்தை ஒரு தட்டில் வைக்கிறான், பிடிபடும் நிகழ்தகவையும் தண்டனையையும் பெருக்கி மற்றத் தட்டில் வைக்கிறான், எது பாரமோ அதன்படி நடக்கிறான். இதைக் கேட்ட நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே மூன்றாம் மாடிக்கு ஓடிப்போய் விளங்கப்படுத்தினேன். அன்ரி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு கேட்டார்.

“முப்பது வருசம் புதுக்கடையில இருந்தனான். கணக்குப் பாத்துக் களவெடுத்தனான் எண்டு சொன்ன ஒருத்தனை நான் காணேல்லை.”

“அப்ப என்னெண்டு அன்ரி எடுக்கினம்?”

“பிடிபடமாட்டன் எண்ட நினைப்பில.”

“அதுதானே நானும் சொல்லுறன். நிகழ்தகவு பூச்சியம்.”

“பூச்சியத்தால எதைப் பெருக்கினாலும் என்ன வரும்?”

“பூச்சியம்.”

“அப்ப தண்டனையைக் கூட்டி என்ன பிரயோசனம்?”

“புரொபெசர் பெயில்,” என்றார் தங்கை கதிரையிலிருந்து.

நான் விடவில்லை. அன்றைக்கே இன்னொன்றும் கேட்டேன். ஒரு முழ அகல வேலிக்காக இரண்டு சகோதரர்கள் பதினைந்து வருடம் வழக்காடி, அந்தக் காணியையே விற்றுச் சட்டத்தரணிக்குக் கொடுத்த கதையொன்றைத் தங்கை சொல்லியிருந்தார். அது எந்தப் பகுத்தறிவில் சேர்த்தி என்று கேட்டேன். அன்ரி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை பிறகும் ஒருமுறை எனக்கு வாய்த்தது.

“அவை வேலி வாங்கேல்லை, பிள்ளை. மற்றவன் தோக்கிறதை வாங்கினவை. கடையில இல்லாத சாமான், விலை கூடத்தான்.”

நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பழிவாங்கலும் ஒரு நுகர்வுப் பண்டம் என்று கீழே கோடும் போட்டேன். எனக்கு அது அப்போது வெறும் அழகான வசனம்.

இனி வாசல். எங்கள் தொடர்மாடிக்குள் வாகனம் வர ஒரே வழி, ஒரு ஒடுக்கமான வாசல். முதலாம் மாடியில் குளியலறைச் சாமான்கள் விற்கிற ஒரு முதலாளி இருந்தார். நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் அவருக்கும் ஒரு இடம் உண்டு, ஆனால் அவருடைய பெரிய ஜீப்பை அதற்குள் வளைத்து இறக்குவது கரைச்சல். ஆகவே அடிக்கடி வாசலிலேயே விட்டுவிட்டு மேலே போய்விடுவார். யாராவது ஹோர்ன் அடித்தால் சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடி வருவார். கையை நெஞ்சில் வைத்து, “சொறி, சொறி, அஞ்சு நிமிசம் எண்டுதான் விட்டனான்” என்பார். முகம் சிவந்திருக்கும். கெட்ட மனிதர் இல்லை, பஞ்சியான, உடம்பை வளைக்க விரும்பாத மனிதர்.

குடியிருப்போர் சங்கக் கூட்டம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் நடக்கும். வாசல் பிரச்சினை வந்தபோது நான் கை உயர்த்தினேன். கீழே கடற்கரை ரயில் போய்க்கொண்டிருந்தது, அது போய் முடியும்வரை பொறுக்காமல் பேசத் தொடங்கினேன். வாசலில் நிறுத்துவதற்கு இப்போது விலை பூச்சியம், ஆகவே கேள்வி கூடத்தான் இருக்கும். ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபா தண்டம் போட்டால் கேள்வி விழும். போனில் படம் கீறிக் காட்டினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அன்ரி எழும்பினார். “இப்ப அவர் ஓடி வாறார். ஏன் ஓடி வாறார்? வெக்கத்தில. நீர் அந்த வெக்கத்துக்கு ரசீது குடுக்கப் போறீர். விலை போட்டால் வாங்குவினம், பிள்ளை.”

“வெக்கத்தை அளக்கேலாது அன்ரி. காசை அளக்கலாம்,” என்றேன்.

நல்ல சிரிப்பு எழும்பியது. என் அம்மா பெருமையாகச் சுற்றிப் பார்த்தார். வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்த கை அந்த முதலாளியுடையது. உயராத கை அன்ரியுடையது.

முதல் மாதம் முதலாளி இரண்டே தடவைதான் நிறுத்தினார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் மாதத் தொடக்கத்தில் அவர் ஒரு கடித உறையைச் சங்கத்திடம் கொடுத்தார். அந்த மாதத்துக்குப் பத்துத் தடவைக்கான காசு, முற்பணமாக. அதற்குப் பிறகு அவர் ஓடி வரவில்லை. நடந்து வந்தார். ரீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தார். ஹோர்ன் அடித்தவர்களுக்கு வாசல் காவலாளிதான் விளக்கம் சொன்னார், “மஹத்தயா சல்லி கட்டியிருக்கு நங்கி” என்று, பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாக; ஐயா காசு கட்டியிருக்கிறார் தங்கச்சி என்று எனக்கும் அதைத்தான் சொன்னார். அந்தக் காசில் சங்கம் புதிய தண்ணீர் மோட்டர் வாங்கியது. நாலாம் மாடிக்குத் தண்ணீர் ஒழுங்காக ஏறியது. எல்லோரும் என்னை லிஃப்டில் கண்டால் பாராட்டினார்கள். வாசல் அடைபட்டிருப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை; மோட்டர் நன்றாக வேலை செய்தது.

இதையெல்லாம் நான் ஒப்படைக் கட்டுரையாகவே எழுதினேன், மோட்டர் வந்த இடத்தோடு நிறுத்தி. வகுப்பில் அதிகூடிய புள்ளி கிடைத்தது. கேக் வாங்கிக்கொண்டு மேலே போனேன். தங்கை இரண்டு துண்டு சாப்பிட்டார். அன்ரி, “மேசையில வையும்” என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை பாண் ஓட்டோ வந்து நின்றது. கூடை இறங்கவில்லை. நான் பல்கனியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரலைக் கேட்டேன், படிக்கட்டுக்குள்ளால் என் பெயரைச் சொல்லி. அன்ரியின் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று எனக்குத் தெரியாது.

தங்கை கதிரையில் வேர்த்து ஒழுக இருந்தார், கை நெஞ்சைப் பிடித்திருந்தது. என்னைக் கண்டதும், “புரொபெசர், அந்தப் பாண்காரனைப் போகவேண்டாம் எண்டு சொல்லும்” என்றார். அம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தது. ஒழுங்கைக்குள் சைரன் கேட்டதும் அன்ரி மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். நானும் அம்புலன்ஸ்காரர் இருவருமாகக் கதிரையோடு தூக்கி, லிஃப்டில் கீழே கொண்டு வந்தோம்.

வாசலில் ஜீப் நின்றது. மதிலுக்கும் அதற்கும் இடையில் ஒருவர் பக்கவாட்டில் நெருக்கி நுழையும் இடைவெளிதான் இருந்தது, கதிரை போகாது. தள்ளுகட்டில் வெளியே, நாங்கள் உள்ளே. காவலாளி முதலாம் மாடிக்கு இன்ரகொம்மில் ஜீப்பை எடுக்கச் சொல்லியிருக்கிறார், பதற்றத்தில் அம்புலன்ஸ் என்று சொல்ல மறந்துவிட்டார். வந்த பதிலை அன்ரியும் கேட்டார், நானும் கேட்டேன்.

“இந்த மாசம் கட்டியிருக்குத் தானே. அஞ்சு நிமிசம் பொறுக்கச் சொல்லு.”

நான் ஜீப்பில் அடித்தேன், அது அலறத் தொடங்கியது. மேலே ஓடிக் கதவைத் தட்டினேன். துவாயோடு திறந்தார். விஷயம் கேட்டதும் முகம் செத்துவிட்டது. பிறகு ஜீப்பின் திறப்பைத் தேடினார், சாரத்தைத் தேடினார், திறப்பு மனைவியின் கைப்பையில் இருந்தது. ஜீப் நகர்ந்தபோது அன்ரி மறுபடியும் மணிக்கட்டைத் திருப்பினார். பதினெட்டு நிமிடம். அதில் பெரும்பகுதி நேரம் தங்கை வாசலில் கதிரையில் இருந்தார். கடைசி நிமிடங்களில் அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று அன்ரி ஒரே ஒரு தடவை கேட்டார். வைத்தியர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

உடல் வைத்திருந்த மலர்ச்சாலைக்கு முதலாளி வந்தார், மிகப் பெரிய மலர்வளையத்தோடு. செத்தவீட்டுச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாகக் குழைந்து நின்று சொன்னார். எனக்கு அந்த வளையத்தை அவர் கழுத்தில் மாட்டவேண்டும் போலிருந்தது. அன்ரி, “செலவெல்லாம் குடுத்தாச்சு. ரீ குடிச்சிட்டுப் போங்கோ” என்றார். அவர் குடித்தார். அன்ரி அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் நான் மேலே போய்க் கொதித்தேன். வழக்குப் போடவேண்டும், பொலிசுக்குப் போகவேண்டும், முப்பது வருடம் புதுக்கடையில் இருந்த நீங்கள் இப்படிச் சும்மா இருக்கலாமா என்றேன்.

“எட்டு வருசம் இழுபடும். கடைசியில ஒரு தண்டப்பணம் விழும். அவர் கட்டுவார். அவருக்குக் கட்டிப் பழக்கம்.” ஒரு கட்டு வெற்றுத்தாளை என் முன்னால் வைத்தார். “கல்வெட்டு அடிக்கவேணும். ரைப் பண்ணித் தாறீரோ?”

எங்கள் ஆட்களிடையே ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவரைப் பற்றிய நினைவுப் புத்தகம் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். முன்னால் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, அழுகைப் பாட்டுகள், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். எறியக்கூடாத புத்தகம். கொழும்பில் ஐந்நூறு பிரதி அடித்தால் இருநூறு தபாலில் லண்டனுக்கும் கனடாவுக்கும் பாரிசுக்கும் போகும், அங்கே ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் கிடக்கும்.

நாலு பின்னேரம் அவர் சொல்லச் சொல்ல என் மடிக்கணினியில் அடித்தேன். கடைசிப் பக்கத்தில் வைத்தியர்கள், அயலவர்கள், மலர்வளையம் வைத்தோர், கதிரையில் தூக்கிவந்து உதவிய அம்புலன்ஸ் ஊழியர்கள், அவர்களோடு தூக்கிய நான். என் பெயரை நானே அடித்தேன், மனம் நிறைந்துதான். அதற்குப் பிறகு அன்ரி அதே குரலில் தொடர்ந்தார்: “தமது வாகனத்தை வாசலில் நிறுத்தி, அம்புலன்ஸைப் பதினெட்டு நிமிடங்கள் வெளியே காக்க வைத்து உதவிய, முதலாம் மாடி, திரு…” முழுப்பெயர், தகப்பன் பெயர், கடையின் பெயர்.

என் விரல்கள் நின்றுவிட்டன. பிறகு பறந்தன. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ரைப் பண்ணியதில்லை. இதற்கு அவரால் ஒரு உறையில் போட்டு எதையும் கட்டமுடியாது! தடித்த எழுத்தில் போடுவோமா அன்ரி, தனிப் பெட்டிக்குள் போடுவோமா என்று துடித்தேன்.

“வேண்டாம். எல்லாருக்கும் ஒரே எழுத்து.”

கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசிப் புரூஃபைப் பார்க்க அன்ரி தனியாகப் போனார். நானும் வாறன் என்றேன். “நீர் படியும்” என்றார்.

முப்பத்தோராம் நாள், மண்டபத்தில் சாப்பாடு முடிய, பிரதிகள் இரட்டை முடிச்சுப் போட்ட கட்டுகளாக வந்து இறங்கின. கத்தரிக்கோலால் வெட்டி நான்தான் பகிர்ந்தேன். முதலாளிக்கு என் கையாலேயே கொடுத்துவிட்டு, எதிரே ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டேன். கல்வெட்டுக் கையில் கிடைத்தால் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. படத்தைப் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், பிறகு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்த் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள். முதலாளியும் தேடினார். பெரிய மலர்வளையம் வைத்தவரல்லவா? அவருடைய பெருவிரல் வரிவரியாக இறங்கியது. நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், பார்க்க இனிமையாக இருந்தது. பெருவிரல் ஒரு வரி மேலே ஏறியது. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ரைப் பண்ணியது நான்தான் என்று தெரிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, நன்றாகவே சிரித்தேன். அவர் கண்ணில் கோபம் இல்லை. ஒரே கியூவில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரியொரு பார்வை.

அதற்குப் பிறகுதான் என் பிரதியைத் திறந்தேன்.

“எமது வாசலுக்கு ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபா என விலை குறித்து உதவிய, இரண்டாம் மாடி, பொருளியல் மாணவி, செல்வி…” முழுப்பெயர், தகப்பன் பெயர், பல்கலைக்கழகம். அதற்குக் கீழே, “அவ்விலைக்கு வாசலை வாங்கி, அம்புலன்ஸைப் பதினெட்டு நிமிடங்கள் வெளியே காக்க வைத்து உதவிய, முதலாம் மாடி, திரு…” பிறகு, “ஆகியோருக்கு எமது இதயங்கனிந்த நன்றிகள்.” எல்லாம் ஒரே எழுத்தில்.

மண்டபம் முழுக்கத் தாள் புரள்கிற சத்தம். அன்ரி வாசலில் நின்று, போகிறவர்களைக் கும்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை ஏறிப்போனேன். அம்மா தானும் வருவேன், அவவை ரெண்டு கேள்வி கேட்பேன் என்றார், நான் விடவில்லை. மேலே பல்கனிக் கம்பியில் கூடை வெறுமையாகத் தொங்கியது.

“அன்ரி, நானெல்லோ கதிரையைத் தூக்கினனான். நானெல்லோ ஓடிப்போய்க் கதவைத் தட்டினனான்.”

“ஓம். அதுக்கு மேல ஒரு நன்றி கிடக்கு. நீரே ரைப் பண்ணினனீர்.”

“அப்ப மற்றது?”

“தூக்கினதுக்கு ஒண்டு, விலை குறிச்சதுக்கு ஒண்டு. நான் ஒண்டில இருந்து மற்றதைக் கழிக்கேல்லை.” கத்தரிக்காய் நறுக்கிய நாளில் பார்த்த அதே பார்வை. “அவர் வாங்கினவர், பிள்ளை. நீர் வித்தனீர்.”

நான் பிழையென்று சொல்ல வாயெடுத்தேன். வசனம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை, அதுதான் எனக்கு அவர்மேல் இன்னும் ஆறாத ஆத்திரம்.

முதலாளி அந்த வருடத்துக்குள் வீட்டை விற்றுவிட்டுத் தெஹிவளைப் பக்கம் போய்விட்டார். சங்கம் தண்டத்தை எடுத்துவிட்டது. வாசலில் பலகை இல்லை, விலை இல்லை, ஆனால் ஐந்து நிமிடத்துக்குக்கூட எவரும் ஒரு மோட்டர்சைக்கிளை அங்கே விடுவதில்லை. விலை பூச்சியம், கேள்வியும் பூச்சியம். எந்தப் புத்தகத்திலும் நான் அப்படியொரு வளையியைக் காணவில்லை. அம்மா எங்கள் பிரதியின் கடைசித்தாளைக் கிழித்துவிட்டு மிச்சத்தைச் சேலைகளுக்கு அடியில் வைத்தார். ஆனால் மற்ற நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு என்ன செய்வது? போன வருடம் ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் தாய் போனில் நன்றாகத்தான் கதைத்தார். பெயரைக் கேட்டார், தகப்பன் பெயரைக் கேட்டார். “பிள்ளை அந்தக் கல்வெட்டில வந்த பிள்ளையோ?” என்றார். அம்மா போனை வைத்துவிட்டார்.

அன்ரியும் இப்போது இங்கே இல்லை, வீட்டை விற்றுவிட்டு மருமகன் முறையான உறவுக்காரர் ஒருவரோடு போய் இருக்கிறார். கண் நன்றாகத் தெரிகிறதாம். தமிழில் அச்சாகிற எதையும் விடாமல் எடுத்து வாசிக்கிறாராம், இன்னமும் கடைசிப் பக்கத்திலிருந்துதான். அப்படியென்றால் இதுவும் ஒருநாள் அவர் கைக்குப் போகும். மணிக்கட்டைத் திருப்பி நேரத்தைப் பார்த்துவிட்டு, கடைசி வரியிலிருந்து தொடங்குவார். எல்லோரையும் போலத் தன் பெயரைத் தேடுவார். முதலில் கீழிருந்து மேலே, பிறகு மேலிருந்து கீழே.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். முழுப்பெயர், தகப்பன் பெயர், கொட்டாஞ்சேனையில் பிறந்த வீட்டின் இலக்கம், எல்லாமே தெரியும், கல்வெட்டை ரைப் பண்ணியவள் நான்தானே.

இருக்கட்டும்.